நாணயக் குற்றியில் காணாமற்போன எழுத்தைத் தேடுவோருக்கு: பத்து மடங்குக் கைவில்லை பற்றிய மதிப்புரை

யாழ்ப்பாணத்தில் காசு சேர்க்கும் பழக்கம் உள்ளவர்களிடம் அண்மைக் காலமாக ஒரே வகையான கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. ஐந்து ரூபாய்க் குற்றியில் ஆண்டின் கடைசி இலக்கத்தைக் காணவில்லை, இரண்டு ரூபாய்க் குற்றியில் அரச இலச்சினையின் ஒரு பகுதி வழவழப்பாக இருக்கிறது, பழைய சதத்தில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன, இதற்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்கிறார்கள். தேய்ந்துபோன சாதாரணக் காசுகள் சமூக ஊடகங்களில், நாணயசாலையிலேயே தவறாக அடிக்கப்பட்டவை என்ற பொருளில், "பிழை நாணயம்" என்ற பெயரோடு பெரிய விலைக்கு விற்கப்படுவதைப் பார்த்த இளைஞர்கள், கடைச் சில்லறையிலும் வீட்டு உண்டியலிலும் அகப்படுவதையெல்லாம் எடுத்து வருகிறார்கள். விலையைக் கேட்பதற்கு முன்னர் விடை காணவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த விவரம் எந்தக் கட்டத்தில் காணாமற்போனது? அடிப்பதற்கு முன்னர் உருவம் பதியாத வெற்றுக் குற்றியிலா, உருவத்தைப் பதிக்கும் அச்சிலா, அடிக்கும் கணத்திலா, அல்லது நாணயசாலையை விட்டு வெளியே வந்த பின்னர் யாரோ ஒருவரின் கையிலா? இதற்கு விடை காண்பதற்காக நான் வாங்கிப் பயன்படுத்திவரும் பத்து மடங்குக் கைவில்லையையும், அதனோடு ஒப்பிட்டுப் பார்த்த வேறு இரண்டு கருவிகளையும் பற்றியதே இந்த மதிப்புரை. அந்த இரண்டில் ஒன்று கணினியுடன் இணைக்கும் சிறிய நுணுக்குக்காட்டி, மற்றது நகைக்கடைகளில் பயன்படும் கையடக்கத் தராசு. மூன்றிலும் கைவில்லைக்கே நான் முதலிடம் தருகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

கஸ்தூரியார் வீதிப் பக்கத்தில் நகைத் தொழிலாளர்களுக்கான கருவிகள் விற்கும் கடையொன்றில் இதனை 2000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கினேன். கடைக்காரர்கள் இதை "லூப்" என்றோ வெறுமனே "கண்ணாடி" என்றோ சொல்வார்கள். உலோக உறைக்குள்ளே மடிந்து கொள்ளும் அமைப்புடையது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். உள்ளே மூன்று வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டுள்ளன. ஒற்றை வில்லையில் பார்க்கும்போது எழுத்துகளின் ஓரத்தில் நீலமும் சிவப்புமாக நிறக்கோடுகள் தோன்றுவதும், பார்வைப் புலத்தின் விளிம்பில் நேர்கோடுகள் வளைவதும் வழமை. மூன்று வில்லை அமைப்பு இவ்விரண்டு குறைகளையும் பெருமளவில் திருத்திவிடுகிறது. நாணயம் பார்ப்பவருக்கு இது முக்கியம், ஏனென்றால் ஓர் எழுத்தின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தால் அந்த இரட்டிப்பு நாணயத்தில் இருக்கிறதா கண்ணாடியில் இருக்கிறதா என்ற ஐயம் எழக்கூடாது. என்னிடமுள்ள வில்லையில் பார்வைப் புலத்தின் நடுப்பகுதி முழுவதும் தெளிவாக இருக்கிறது. மிக ஓரத்தில் மட்டும் சிறிது மங்கல் உண்டு.

வாங்குபவர்கள் கவனிக்கவேண்டியது உறையில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல வில்லைகளில் 30 என்றும் அதன் பக்கத்தில் 21 மில்லிமீற்றர் என்றும் எழுதியிருக்கும். இரண்டாவது எண் வில்லையின் விட்டம். முதலாவது எண் எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பது; அதைத்தான் மக்கள் நம்பி வாங்குகிறார்கள். அதனை வீட்டிலேயே சரிபார்க்கலாம். எளிய பெருக்கியொன்றின் பெருக்கம் என்பது 250 மில்லிமீற்றரை அதன் குவியத் தூரத்தால் வகுக்கக் கிடைக்கும் எண். அறையின் எதிர்க் கோடியில் இருக்கும் யன்னலின் உருவத்தை வில்லையினூடாக வெள்ளைக் கடதாசியில் விழச்செய்து, உருவம் கூர்மையாகும் நிலையில் வில்லைக்கும் கடதாசிக்கும் இடையிலான தூரத்தை அடிமட்டத்தால் அளந்தால் போதும். அது ஏறக்குறைய 25 மில்லிமீற்றராக இருந்தால் வில்லை 10 மடங்கு. உண்மையான 30 மடங்கு வில்லைக்கு அந்தத் தூரம் 8 மில்லிமீற்றரைச் சுற்றியே இருக்கவேண்டும். 30 என்று பொறித்த வில்லையொன்றை, பெயர் சொல்லாமல் விடுகிறேன், இவ்வாறு அளந்தபோது அது 10ஐத் தாண்டவில்லை. பத்து மடங்கு என்று எழுதி பத்து மடங்கைத் தருவதே என் கைவில்லையின் முதல் நற்பண்பு.

பயன்படுத்தும் முறையைக் கடையிலிருந்த முதிய நகைத் தொழிலாளர் ஒருவரே காட்டித் தந்தார். "கண்ணாடியைக் கண்ணோட சேர்த்து வையுங்கோ, காசை அதுக்குக் கிட்டக் கொண்டு வாங்கோ, கண்ணாடியைத் தூரப் பிடிச்சால் ஒண்டும் தெரியாது" என்றார். பெரும்பாலானோர் செய்வது இதற்கு நேர்மாறானது: நாணயத்தை மேசையில் வைத்து, வில்லையை அதன் மேல் பிடித்து, எட்ட நின்று குனிந்து பார்ப்பார்கள். அப்போது தெரியும் பரப்பு மிகவும் சுருங்கிவிடும். வெளிச்சம் மேலிருந்து நேராக விழக்கூடாது, பக்கவாட்டிலிருந்து சரிவாக வரவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலை வேளையில் விறாந்தையின் ஓரத்தில் அமர்ந்து நாணயத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டு பார்த்தால், புடைப்பாக இருப்பதன் நிழல் ஒரு பக்கமும் குழிவாக இருப்பதன் நிழல் மறுபக்கமும் விழுவது தெளிவாகத் தெரியும். நாணயப் பிழைகளை அறிவதில் பாதி வேலை இந்த நிழலைப் படிப்பதில் அடங்கியிருக்கிறது.

அதற்குக் காரணம் நாணயம் செய்யப்படும் முறையே. நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்டங்களாக வெட்டியெடுக்கப்படும் வெற்றுக் குற்றிகள் சூடாக்கி மென்மையாக்கப்பட்டு, விளிம்பு உயர்த்தப்பட்டு, மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடையில் ஒரு வளையத்துக்குள் வைத்துப் பேரழுத்தத்துடன் அடிக்கப்படுகின்றன. நாணயத்தில் எது மேடாக இருக்கிறதோ அது அச்சில் பள்ளமாக இருக்கும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். அச்சில் வெடிப்பு ஏற்பட்டால் அதற்குள் உலோகம் பாய்ந்து நாணயத்தில் மேடான கோடாக வெளிப்படும். ஆனால் யாராவது ஊசியாலோ கத்தியாலோ கீறினால் அந்தக் கோடு நாணயத்தில் பள்ளமாகவே இருக்கும். மேடான கோடு நாணயசாலைக்கு உரியது, பள்ளமான கோடு பெரும்பாலும் வெளியுலகுக்கு உரியது. வெறுங் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கைவில்லையில் நிழல் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும்.

எழுத்துகளும் இலக்கங்களும் காணாமற்போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் அச்சின் பள்ளங்களில் கிறீசும் உலோகத் தூளும் அடைத்துக்கொள்வது. இயந்திரத்திலிருந்து வழியும் எண்ணெய்ப் பசை, தூசியுடன் கலந்து இறுகி, ஓர் எழுத்தின் பள்ளத்தை நிரப்பிவிட்டால் அடுத்து அடிக்கப்படும் நாணயங்களில் அந்த எழுத்து மங்கியோ முற்றாக மறைந்தோ போகும். அமெரிக்காவில் 2005இல் வெளியான கான்சஸ் மாநிலக் கால் டொலர் நாணயங்கள் சிலவற்றில் கடவுள் மீதான நம்பிக்கையைச் சொல்லும் வாசகத்தில் ஓர் எழுத்து இவ்வாறு அடைபட்டுப் போனதால் வாசகத்தின் பொருளே மாறிவிட்டது. சேகரிப்போர் அதனைத் தேடி வாங்கினார்கள். இத்தகைய நாணயத்தைக் கைவில்லையில் பார்க்கும்போது, எழுத்து இருக்கவேண்டிய இடம் சுற்றியுள்ள தளத்தோடு இயல்பாகக் கலந்திருக்கும், பக்கத்து எழுத்துகள் கூர்மையாக நிற்கும், கீறலோ அரவிய தடமோ இருக்காது. அந்த எழுத்தை யாராவது பின்னர் அரவி எடுத்திருந்தால் அந்த இடத்தில் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கோடுகளும், தளத்தின் மட்டத்தில் ஒரு சிறு தாழ்வும் தெரியும். ஆண்டின் கடைசி இலக்கம் இல்லை என்று என்னிடம் காட்டப்பட்ட ஐந்து ரூபாய்க் குற்றிகளில் இந்த இரண்டு வகையும் இருந்தன. இரண்டாவது வகையை விற்பவர் அறிந்தே விற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

அச்சை மினுக்குவது இன்னொரு காரணம். இரண்டு அச்சுகளும் இடையில் குற்றி இல்லாமல் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவம் மற்றதில் பதிந்துவிடும். அந்தத் தழும்பைப் போக்குவதற்காகத் தொழிலாளர்கள் அச்சின் மேற்பரப்பைத் தேய்த்து மினுக்குவார்கள். மேற்பரப்பு தாழும்போது ஆழம் குறைந்த பள்ளங்கள் முதலில் அழிந்துவிடும். 1937இல் அமெரிக்காவின் டென்வர் நாணயசாலையில் அடிக்கப்பட்ட எருமை உருவ ஐந்து சத நாணயத்தில் எருமையின் முன்னங்கால் ஒன்று மறைந்து மூன்று காலுடன் நிற்பது இப்படி நேர்ந்ததே. அதற்கு இருக்கும் விலையைப் பார்த்து, சாதாரண நாணயங்களில் காலைச் சுரண்டி எடுத்து விற்பவர்களும் தோன்றினார்கள். உண்மையான நாணயத்தில் வயிற்றின் கீழே சிறு மேடுகள் புள்ளிவரிசையாகத் தெரியும்; சுரண்டியவரால் மேடுகளை உண்டாக்க முடியாது. இந்தப் புள்ளிகளைப் பார்ப்பதற்குப் பத்து மடங்கு தாராளமாகப் போதும். 1922இல் அமெரிக்காவில் ஒரு சத நாணயங்கள் டென்வரில் மட்டுமே அடிக்கப்பட்டன. ஆகையால் அவ்வாண்டின் சதத்தில் டென்வரின் எழுத்துக்குறி காணப்படாவிட்டால், தேய்மானமும் மோசடியும் இல்லை என்று உறுதியானபின், குற்றம் அச்சினுடையது என்று முடிவு செய்யலாம்.

தேய்மானத்தையும் மெலிந்த அடியையும் பிரித்தறிவதே நம்மூரில் அதிகம் தேவைப்படும் திறமை. இதில்தான் கைவில்லை எனக்கு மிகுந்த உதவி செய்தது. அழுத்தம் போதாமல் அடிக்கப்பட்ட நாணயத்தில், அச்சின் மிக ஆழமான பள்ளம்வரை உலோகம் ஏறியிருக்காது. இலச்சினையின் நடுவிலுள்ள சிங்கம் முழுமை பெறாமல் இருக்கும். புழக்கத்தில் தேய்ந்த நாணயத்திலும் மேடான பகுதியே முதலில் அழியும் என்பதால் அங்கும் சிங்கம் வழவழத்திருக்கும். வேறுபாடு மேற்பரப்பில் உள்ளது. மெலிந்த அடி என்றால், அந்த வழவழப்பான இடத்தில் அடிக்கப்படுவதற்கு முன்னர் வெற்றுக் குற்றியில் இருந்த சொரசொரப்பும் சிறு கீறல்களும் அப்படியே எஞ்சியிருக்கும். சுற்றியுள்ள தளத்தில் புதுக்காசின் ஒளிர்வும் இருக்கும். தேய்மானம் என்றால் மேடுகள் உருண்டு, ஒளிர்வு இழந்து, எல்லா எழுத்துகளின் தலைகளும் ஒரே அளவில் மழுங்கியிருக்கும். சைக்கிள் கடையிலும் பேருந்திலும் தேநீர்க்கடையிலும் பல்லாண்டு கைமாறிய காசு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதற்கு முகமதிப்புக்கு மேல் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை.

எழுத்துகள் இரட்டையாகத் தெரிவது பற்றியும் சொல்லவேண்டும். 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சத நாணயத்தில் ஆண்டும் வாசகங்களும் இரட்டித்திருப்பது உலகப் புகழ் பெற்றது. அங்கு அச்சு தயாரிக்கப்பட்டபோதே உருவம் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்துவிட்டது. அத்தகைய இரட்டிப்பில் இரண்டு உருவங்களுக்கும் உருட்சியான, நிறைவான புடைப்பு இருக்கும். எழுத்தின் மூலைகள் பிளவுபட்டுத் தெரியும். ஆனால் இயந்திரத்தில் அச்சு தளர்ந்திருந்து, அடித்த கணத்தில் சிறிது நகர்ந்துவிட்டால் எழுத்தின் ஒரு பக்கம் சீவப்பட்டது போல் தட்டையான படியொன்று தோன்றும். இது நாள்தோறும் நிகழ்வது; சேகரிப்புப் பெறுமதி இல்லாதது. சமூக ஊடகங்களில் இரட்டை அச்சு என்று விற்கப்படுபவற்றில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்தத் தட்டைப்படி வகையே.

இங்குதான் கணினியுடன் இணைக்கும் நுணுக்குக்காட்டி என்னை ஏமாற்றியது. கைவில்லையின் விலையைப் போல நான்கு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கிய அந்தக் கருவியின் பெட்டியில் 1000 மடங்கு என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த எண்ணை ஒருபுறம் விடுவோம். நடைமுறையில் அது காட்டும் படம் நாணயத்தின் ஓர் எழுத்தில் பாதியை மட்டும் திரை நிறையக் காட்டுகிறது. அவ்வளவு பெரிதாகப் பார்த்தால் எந்தக் காசும் பழுதுள்ளதாகவே தோன்றும்: ஒவ்வொரு தூசியும் மேடு, ஒவ்வொரு கீறலும் வெடிப்பு. மேலும் அதன் விளக்குகள் வில்லையைச் சுற்றி வளையமாக அமைந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒளி வீசுவதால், மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக்காட்டும் நிழல் இல்லாமற் போகிறது. வளையத்தின் ஒளியை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்து மேசை விளக்கைச் சரிவாகப் பிடித்தபோது படம் திருந்தியது. கைவில்லையில் ஏற்கெனவே கண்டறிந்த ஒன்றைப் படமெடுத்துத் தூரத்திலுள்ள நண்பருக்கு அனுப்புவதற்கு இந்தக் கருவி நல்லது. கண்டறிவதற்கு முதற்கருவியாக இதனைப் பரிந்துரைக்க மாட்டேன். விற்பனைக்குப் போடப்படும் பல "பிழை நாணய" படங்கள் இத்தகைய கருவியால் எடுக்கப்பட்டவை என்பதை வாங்குவோர் நினைவில் வைத்திருப்பது நல்லது; முழு நாணயத்தின் இருபக்கப் படத்தையும் எடையையும் கேட்டு வாங்கிய பின்னரே பேசவேண்டும்.

எடை என்றதும் தராசுக்கு வருகிறேன். நூறில் ஒரு கிராம்வரை காட்டும் சிறிய தராசு, கைவில்லையால் முடியாத ஒரு வேலையைச் செய்கிறது. நாணயத்தை அமிலத்தில் ஊறவைத்தால் முழுப் பரப்பும் சீராகக் கரைந்து விவரங்கள் மென்மையாகும், விளிம்பும் மெலியும். பார்வைக்கு அது மெலிந்த அடி போலவே இருக்கலாம். ஆனால் மெலிந்த அடியால் எடை குறைவதில்லை. 1984ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த பித்தளை நிற ஐந்து ரூபாய்க் குற்றி 9.5 கிராம் எடையுள்ளது. அது கணிசமாகக் குறைந்திருந்தால் காரணத்தை நாணயசாலைக்கு வெளியே தேடவேண்டும். தராசோடு ஒரு சிறு காந்தத்தையும் வைத்திருப்பது பயன் தரும். 2005இலிருந்து நமது ஐந்து ரூபாயும் ஒரு ரூபாயும் பித்தளை முலாமிட்ட உருக்குக்கு மாறின. அவை காந்தத்தில் ஒட்டும், 1984இல் தொடங்கிய பழைய ஐந்து ரூபாய் ஒட்டாது. முலாம் பூசிய காசில் முலாம் கொப்பளித்து உரிவது உண்டு. உரிந்த இடத்தில் கடற்காற்றும் ஈரமும் பட்டு உருக்கு துருப்பிடிக்க, எழுத்துகள் தின்னப்பட்டுப் போகும். குருநகரிலோ காரைநகரிலோ புழங்கிய காசில் இதனைக் கண்டால் வியப்படையத் தேவையில்லை, அது பிழையும் இல்லை.

வீட்டில் நாமே செய்யும் கேடுகளும் இந்த வகையில் சேரும். குத்துவிளக்கை மினுக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுப் பழைய செப்புச் சதங்களைத் தேய்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேய்த்தபின் காசு பளபளக்கும், ஆனால் அதிலுள்ள மரத்தின் இலைகளில் நரம்புபோன்ற நுண்கோடுகள் என்றென்றைக்கும் போய்விடும். காசுமாலைக்காகக் கொக்கி ஒட்டப்பட்டுப் பின்னர் கழற்றப்பட்ட வெள்ளிக் காசுகளில் விளிம்பருகே எழுத்துகள் உருகியிருக்கும். கைவில்லையில், ஒட்டுவதற்கு உருக்கிய பற்றாசின் எச்சம் தெரியும். 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வரத் தொடங்கியபின் தண்டவாளத்தில் வைத்து நசுக்கப்பட்ட குற்றிகளையும் சிலர் பிழை நாணயம் என்று கொண்டுவந்தார்கள். நசுங்கிய காசு அகன்று மெல்லியதாகியிருக்கும், எடை மட்டும் மாறாதிருக்கும். வளையம் இல்லாமல் அடிபட்டு அகன்ற உண்மையான பிழை நாணயத்தில் உருவம் நடுவில் கூர்மையாகவே பதிந்திருக்கும் என்பதால் இரண்டையும் மயங்க இடமில்லை.

விளிம்பின் ஒரு பக்கம் பிறைபோல வெட்டுண்ட காசுகளுக்கும் ஒரு சோதனை உண்டு. இதை நான் மிகவும் விரும்பிச் செய்வேன். தகட்டிலிருந்து வட்டங்களை வெட்டும் பொறி, ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் மீண்டும் விழுந்தால் பிறை வடிவக் குறையுடன் குற்றி பிறக்கும். அதன் விளிம்பை உயர்த்தும் வேளையில், குறையுள்ள இடத்துக்கு நேர் எதிரே அழுத்தம் கிடைக்காமல் போவதால், நாணயத்தில் வெட்டுக்கு எதிர்ப்பக்க விளிம்பு மெலிந்து காணப்படும். இதனைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். அரத்தால் அரவி உண்டாக்கிய வெட்டில் எதிர்ப்பக்க விளிம்பு முழுமையாக இருக்கும். எல்லா உண்மைக் காசிலும் இது சமமாகத் தெரியாது என்றாலும், தெரிந்தால் நம்பிக்கைக்கு நல்ல ஆதாரம்.

எந்தக் கருவியும் உதவாத இடமும் இருக்கிறது. சில மாற்றங்கள் பிழையே அல்ல, திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. அவற்றை அறியப் படிப்புத்தான் வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து இலங்கைச் சதங்களில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையைச் சுற்றி இந்தியப் பேரரசர் என்ற பட்டமும் இருக்கும். 1951ஆம் ஆண்டிட்ட காசுகளில் அது இல்லை. இந்தியா சுதந்திரம் பெற்றபின் அந்தப் பட்டம் நீக்கப்பட்டதே காரணம். 1911இல் அடிக்கப்பட்ட இந்திய ரூபாயில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மேலங்கியில் இருந்த சிறு யானை, துதிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றியைப் போலத் தோன்றி, முஸ்லிம் மக்களிடையே மனத்தாங்கலை ஏற்படுத்தவே, அடுத்த ஆண்டில் யானை திருத்தி வரையப்பட்டது. இந்தியாவிலிருந்து யாத்திரை முடித்து வருவோர் கொண்டுவரும் காசுகளில் ஆண்டின் கீழே சிறு வைரமோ நட்சத்திரமோ புள்ளியோ இருப்பது முறையே மும்பை, ஹைதராபாத், நொய்டா நாணயசாலைகளின் அடையாளம். அடையாளமே இல்லாதது கொல்கத்தாவினுடையது. அதைக் குறி விடுபட்ட பிழை என்று விற்பது அறியாமை. இலங்கைக்குச் சொந்த நாணயசாலை கிடையாது. மத்திய வங்கி வெளிநாட்டு நாணயசாலைகளில் அடிப்பித்துப் பெறுவதால் ஆண்டுக்காண்டு எழுத்தின் தடிப்பிலும் இலச்சினையின் நுணுக்கத்திலும் சிறு வேறுபாடுகள் வருவதும் இயல்பே.

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் விட்டுச்செல்லும் சில்லறையை ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கும்படி மட்டும் எல்லோரையும் கேட்டுக்கொள்வேன். பிரித்தானியாவின் இருபது பென்ஸ் நாணயத்தில் ஆண்டு நீண்டகாலமாக ரோசாப்பூ உள்ள பக்கத்தில் இருந்தது. 2008இல் கேடய வடிவப் புதிய தொடர் வந்தபோது ஆண்டு அரசியின் தலைப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. புதிய கேடய அச்சோடு பழைய தலை அச்சு தவறுதலாகச் சேர்ந்துவிட்டதால் இரண்டு பக்கத்திலும் ஆண்டே இல்லாத நாணயங்கள் வெளியாகின. அவற்றின் எண்ணிக்கை 250,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. இங்கே எழுத்து அழியவில்லை, அடைபடவுமில்லை. ஒன்றுக்கொன்று சேராத இரண்டு அச்சுகள் கூடிவிட்டன. கைவில்லையில் பார்த்தால் ஆண்டு இருக்கக்கூடிய இரண்டு இடங்களிலும் தளம் தூய்மையாக இருக்கவேண்டும்.

நமது மண்ணின் பழைய காசுகளுக்கு இந்த வில்லையைப் பயன்படுத்துவது தனி மகிழ்ச்சி. யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துச் சேது நாணயங்களில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தியும் பிறையும் "சேது" என்ற சொல்லும் இருக்கும். கையால் சுத்தியலடித்துச் செய்யப்பட்ட இவற்றில் அச்சு பெரிதாகவும் செப்புத் துண்டு சிறிதாகவும் இருப்பதுண்டு. ஆகவே எழுத்தின் பாதியோ நந்தியின் தலையோ துண்டுக்கு வெளியே விழுந்துவிடும். அது தேய்வும் அல்ல, பிழையும் அல்ல, செய்முறையின் தன்மை. எழுத்து விளிம்பில் திடீரென முடிகிறதா, அல்லது மெல்ல மங்கிப் போகிறதா என்பதைக் கைவில்லையில் பார்த்தால் இரண்டையும் பிரிக்கலாம். ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக்காலத்தில் இங்கு அடிக்கப்பட்ட செப்பு ஸ்டைவர் காசுகளில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் சின்னத்தின் மேலே அடித்த ஊரின் முதலெழுத்து இருக்கும். யாழ்ப்பாணத்துக்கு உரிய ஆங்கில "ஐ" ஒரு தனிக்கோடு என்பதால், கீறலோ எழுத்தோ என்ற ஐயம் வரும். மேடா பள்ளமா என்ற சோதனையே அங்கும் கைகொடுக்கும். கந்தரோடை, நல்லூர்ப் பக்கங்களில் நிலத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லி விற்க வருபவர்களிடம் வாங்கவேண்டாம் என்று இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அத்தகைய கண்டெடுப்புகளுக்குப் பொருந்தும். அவை தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்கப்படவேண்டியவை.

கைவில்லையின் குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். மடிக்கும் திருகு சில மாதப் பயன்பாட்டில் தளர்ந்துவிடுகிறது. சிறு திருகாணியால் அவ்வப்போது இறுக்கவேண்டும். துடைப்பதற்கான துணி கொடுக்கப்படவில்லை, தோலுறை மிக மெல்லியது. மாரிகாலத்து ஈரத்தில் வில்லைகளுக்கிடையே பூஞ்சணம் பிடிக்கும் அபாயம் உண்டு என்பதால், மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள டப்பாவில் வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றாமலே பார்க்கலாம், ஆனால் பார்வைப் புலம் ஓரளவு குறையும். வயதானவர்களுக்கு நாணயத்தை அசையாமல் பிடிப்பது சிரமமாக இருக்கும். இரண்டு கைகளையும் கன்னத்தோடும் ஒன்றோடொன்றும் முட்டுக்கொடுத்துப் பிடித்தால் நடுக்கம் தணியும்.

காசு சேர்க்கத் தொடங்கும் மாணவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தராசை இரண்டாவதாக வாங்கலாம், காந்தம் பழைய ஒலிபெருக்கியிலேயே கிடைக்கும். நுணுக்குக்காட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கு கைவில்லைகள் வாங்கலாம் என்பதால், பாடசாலை வரலாற்று மன்றங்கள் அந்த வழியைத் தெரிவுசெய்து, மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் வெளியிட்ட பத்து ரூபாய்க் குற்றிகளில் சிலவற்றைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே அளவும் வெவ்வேறு உருவங்களும் கொண்ட அந்தத் தொடரில் முழுமையான புடைப்பு எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகள் முதலில் பழகிக்கொள்ளலாம்.